மாம்பலத்தில் வீடு கிடைத்த நாள்

எங்க இறங்கணும், மாம்பலமா? பையை மடியிலயே வச்சுக்கங்க தம்பி. தாம்பரத்துல ஏறுற கூட்டத்துக்கு எது யார் பைன்னு கண்ணு தெரியாது. நாங்களும் மாம்பலந்தான். இவ என் சம்சாரம், மங்கையர்க்கரசி. தூங்கறா. தூங்கட்டும், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

சனிக்கிழமையும் ஆபீஸா? என்னது, வீடு பார்க்கவா? மேற்கு மாம்பலத்துலயா? சிரிக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. போங்க, நல்லாப் போய்ப் பாருங்க. கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலையா? அப்ப முடிஞ்சுது. உள்ளயே விட மாட்டான். வாசல்ல நிக்க வச்சு ஊர் எது, சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டுட்டு, வீடு நேத்தே முடிஞ்சுடுச்சும்பான். நான் சொல்றேன் கேட்டுக்கங்க. அந்த ஊர்ல இருபத்தேழு வருஷம் இருந்தவன் நான். பேரு சபாநாயகம். துறைமுகத்துல டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல சூப்பிரண்டு. ரிட்டயர் ஆகிப் பதிமூணு வருஷம் ஆச்சு.

நாலு போர்ஷன் வீடு. ஓனர் வேணுகோபால் சார், ஹெட்மாஸ்டரா இருந்தவரு. சம்சாரம் போயிட்டாங்க, பசங்க ரெண்டு பேரும் அமெரிக்கா. கீழ முன்பக்கம் அவரு, மாடி முன்பக்கம் நாங்க. மிச்சம் ரெண்டு போர்ஷனுக்கு யார் குடி வரலாம், யார் வரக் கூடாதுன்னு முடிவு பண்றது யாருங்கறீங்க? அவரில்ல. நான். "சபாநாயகம் பார்த்துச் சொல்லட்டும்"பாரு. அவ்வளவு நம்பிக்கை. வாசல்ல போர்டு தொங்கும், சைவம் மட்டும்னு. அது சும்மா கொசுவலை மாதிரி. அதைத் தாண்டியும் எத்தனை வரும். அதையெல்லாம் பிடிக்கறதுதான் என் வேலை.

கேள்வி கேக்கறவன் முட்டாள் தம்பி. கேள்விக்குப் பொய் சொல்லிடலாம். நான் கேக்கவே மாட்டேன். உட்காருங்கம்பேன். ஒரு டம்ளர் தண்ணி குடுப்பேன். தூக்கிக் குடிக்கிறானா, உதட்டுல வச்சு உறிஞ்சுறானா, அதைப் பார்ப்பேன். தூக்கிக் குடிச்சா மேல பேசலாம். உறிஞ்சினா, ரொம்ப சந்தோஷம், சொல்லி அனுப்பறேன், போயிட்டு வாங்க. வளர்ப்பு அதுலயே தெரிஞ்சுடும். ஜாதி கேட்டாருன்னு என்னை ஒருத்தன் சொல்ல முடியாது. வாயைத் திறந்து கேட்டதில்ல. எதுக்கு வேண்டாம்னோம்னு எவனுக்கும் தெரியவும் தெரியாது.

என்ன தம்பி, அப்படிப் பார்க்கறீங்க? நீங்களும் உறிஞ்சுற ஆளா? பரவாயில்ல, இது ரயிலு.

ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சு. ஒன்பது வருஷம் இருக்கும். மார்த்தாண்டம் பக்கம், ஜெபமலர்னு பேரு. ரெண்டு தெரு தள்ளி இருந்த டயாலிசிஸ் சென்டர்ல வேலை, நடந்தே போயிடலாம், அதனால பின் போர்ஷனைக் கேட்டுச்சு. சித்திரை வெயில். தண்ணி குடுத்தேன். டம்ளரை வாயில வச்சு மடமடன்னு குடிச்சிடுச்சு. இன்னொரு டம்ளர் கேட்டுச்சு. குடுத்தேன். நானென்ன தண்ணி இல்லேன்னா சொல்லுவேன்? வீடுதான் இல்லேன்னேன்.

அப்படிக் கட்டிக் காத்த வீடு. வேணுகோபால் சார் போய்ச் சேர்ந்தாரு. பதினாறாம் நாள் முடியல, மூத்தவன் தினகர் மாடிக்கு வந்தான். அங்கிள், வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்ட பில்டருக்கு ஜாயின்ட் வென்ச்சர் குடுத்துட்டோம், மூணு மாசம் டைம் எடுத்துக்குங்கன்னான். எங்க மடியில உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்ட பய. சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, எங்க வீட்டுச் சுவத்தை விரலால தட்டித் தட்டிப் பார்க்கறான். இடிக்கப் போறவனுக்குச் சுவர் கெட்டியா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

இப்ப போய்ப் பாருங்க அந்த இடத்தை. ஆறு மாடி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரே வீடு. எங்க பின்கட்டுல கிடந்த ஆட்டுக்கல்லை எடுத்து லிஃப்ட் பக்கத்துல வச்சு, குழியில குரோட்டன்ஸ் நட்டு, மேல விளக்கு போட்டிருக்கான். பாரம்பரியமாம். அந்த ஆட்டுக்கல்லுல மாவாட்டின கை இதோ தூங்குது, அதுக்கு அந்த கேட்டுக்குள்ள போகணும்னா போன்ல நம்பர் வரணும், அதைக் காட்டணும். குடி வந்திருக்கறது யாருன்னு கேக்கறீங்களா? எவனுக்குத் தெரியும். அடுத்த மாடிக்காரனுக்கே தெரியாது. நாய்க்கு மட்டும் ஒருத்தருக்கொருத்தர் தெரியும், காலைல வாக்கிங் கூட்டிட்டுப் போறாங்களே.

தெருவே அப்படி ஆயிடுச்சு. மாவு மில்லு இருந்த இடத்துல காபிக் கடை. நம்ம காபிதான் தம்பி, டவரா டம்ளர்ல அதே காபி. நூத்தெண்பது ரூபா. அதைப் போட்டோ எடுத்துட்டு ஆற விட்டுக் குடிக்கறான். கீரைக்காரம்மா வண்டி நிக்கக் கூடாதுன்னு அசோசியேஷன்ல நோட்டீஸ். அவனவன் போன்ல கீரை வாங்கறான், கொண்டாந்து குடுக்கற பையன் கேட் வாசல்ல நிக்கறான். வாடகை? நாங்க பதினாலாயிரம் குடுத்தோம். இப்ப அதே தெருவுல ரெண்டு ரூம் நாப்பத்தஞ்சு. குடுக்கறதுக்கும் ஆள் இருக்கு, அதுதான் வேடிக்கை. ஊரை விலைக்கு வாங்கலாம், அதுல இருக்கத் தெரியணுமே.

சரி, நீங்களும் வேற இடம் பார்த்துப் போக வேண்டியதுதானேங்கறீங்க. போகலாம். இவளுக்குத்தான் நாலு வருஷமா ரெண்டு கிட்னியும் இல்ல. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் மெஷின். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவாங்க, வெளிய வரும்போது நிக்க முடியாது, தலை சுத்தும். எங்க காப்பீட்டுக்கு அந்த ரெண்டு தெரு தள்ளி இருக்கற சென்டர் ஒண்ணுதான். நடந்தே போய், என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்துட்டிருந்தா. அதனால அந்த வட்டாரத்துலயே வீடு வேணும். அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

அங்க ஊசி குத்தறது யாருன்னு நினைக்கறீங்க? அதே ஜெபமலர். முதல் நாளே என்னை அடையாளம் கண்டுக்கிச்சு. "சார், உங்க வீட்டுல நான் தண்ணி குடிச்சிருக்கேன்"னுச்சு. பாருங்க, அத்தனை வருஷம் கழிச்சும் ரெண்டு டம்ளர் தண்ணியை மறக்கல. அதுக்குப் பேருதான் நன்றி. இந்தக் காலத்துல எவன்கிட்ட இருக்கு?

வீடு தேட ஆரம்பிச்சோம். தம்பி, எழுபத்தொண்ணு வயசு எனக்கு. என்னை ஒருத்தன் இன்டர்வியூ பண்றான்! எல்லாருக்கும் ஒரே பயம். வயசானவங்க, பிள்ளை குட்டி வேற இல்ல, வீட்டுல வச்சு ஏதாவது ஆயிட்டா? சாவு விழுந்த வீட்டுக்கு அடுத்து எவன் வருவான்? இதை நேரா சொல்ல மாட்டானுங்க. "சின்ன ஃபேமிலியா எதிர்பார்க்கறோம்"பான். ரெண்டு பேர், இதுக்கு மேல எப்படிச் சின்னதாகறது? ஒருத்தன் பெங்களூர்ல இருந்து வீடியோவுல பேசறான். அங்கிள், மாடி ஏறுவீங்களா, ஏறிக் காட்டுங்களேங்கறான். போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு இருபத்திரண்டு படி ஏறினேன். மூச்சு வாங்காத மாதிரி வாயை மூடிக்கிட்டு மேல நின்னேன். சூப்பர் அங்கிள்னான். வீடு குடுக்கல. என்ன திமிர் பாருங்க! மனுஷனை நிறுத்தி வச்சு இப்படியா சோதிப்பாங்க? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா?

பதினேழு வீடு. அதுக்கப்புறம் எனக்கும் புத்தி வந்துச்சு. மீசைக்கு டை அடிச்சேன். இவளுக்கு நோய் இருக்கறதை மூச்சு விடறதில்லேன்னு முடிவு பண்ணேன். இடது கையில பாருங்க, அந்த முண்டும் முடிச்சுமா இருக்கே, ஊசி குத்தறதுக்காக நரம்பைச் சேர்த்து வச்சிருக்காங்க. அதை மறைக்க முழுக்கை ஜாக்கெட் மூணு தைச்சேன். சித்திரை மாசத்துல முழுக்கை. இவ, பொய் சொல்லிக் குடி போகணுமாங்கன்னா. ஒரு வார்த்தை பேசாதே, சிரிச்சுட்டு நில்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்னேன்.

கடைசியில கிடைச்சது தம்பி. சென்டருக்கு அடுத்த தெரு. தனி வீடு, கீழ ஓனரம்மா, மாடி நமக்கு, பன்னிரண்டே படி. அவங்க பேரு ஹேமலதா, காலேஜ்ல வாத்தியாரா இருந்தவங்க, தனியாத்தான் இருக்காங்க. வாடகை இருபத்திரண்டு. அந்தத் தெருவுல யாரு தர்றா? எல்லாம் பேசி முடிச்சாச்சு. உடம்பெல்லாம் எப்படின்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. கல்லு மாதிரி இருக்கோம்னேன். திங்கக்கிழமை காலைல பால் காய்ச்சிட்டுச் சாவியை வாங்கிக்குங்கன்னாங்க.

திங்கக்கிழமை போனோம். பால் பொங்குச்சு. இவ அடுப்படியை ஒரு தடவை சுத்திப் பார்த்தா, ஜன்னல் நல்லா இருக்குன்னா. அவ்வளவு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் முகத்துல ஒரு இது. அப்ப அந்தம்மா மேல வந்தாங்க, கையில பெரிய எவர்சில்வர் சொம்பு. "எங்க வீட்டு மரத்துக் காய்ங்க, இப்பதான் இறக்கச் சொன்னேன், வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உங்க வீட்டம்மா குடிக்கட்டும்"னு இளநீரை நீட்டறாங்க.

உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். டயாலிசிஸ்காரங்க இளநீர் குடிக்கவே கூடாது. தண்ணியே ஒரு நாளைக்கு முக்கா லிட்டர்தான், அளந்து. இளநீர்ல பொட்டாசியம், அது வெளிய போக வழியில்லாம ரத்தத்துல தங்கிடும், நெஞ்சையே நிறுத்திடும். ஜெபமலர் பாடம் மாதிரி ஒப்பிக்கும். அதுலயும் சனிக்கிழமை மெஷினுக்கு அப்புறம் செவ்வாய்க்கிழமைதான், திங்கக்கிழமைதான் உள்ளதுலயே மோசமான நாளு.

இவ சொம்பைக் கையில வாங்கலை. "இல்லீங்க, எனக்கு வேண்டாம்"னு இழுத்தா. அந்தம்மா புருவம் லேசா ஏறுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆஹா, சோதிக்கறாங்கடான்னு. தண்ணி குடுத்துப் பார்க்கற வேலையை இருபத்தேழு வருஷம் செஞ்சவன் தம்பி, எனக்கா தெரியாது? குடிக்கலேன்னா ஏன்னு கேப்பாங்க. சர்க்கரையா, கிட்னியா, என்னன்னு கிளறுவாங்க. சாவி இன்னும் அவங்க இடுப்புல.

"வீட்டு மரத்துக் காய் மங்கை, அவங்க ஆசையாக் குடுக்கறாங்க, குடி"ன்னேன். மறுநாள் காலைல எப்படியும் மெஷின்ல எடுத்துடப் போறாங்க, ஒரு ராத்திரியில என்ன ஆயிடும்? குடிச்சா. தூக்கித்தான் குடிச்சா, ஒரு சொட்டு சிந்தல. அந்தம்மா முகம் அப்படியே மலர்ந்துச்சு. பார்க்கணுமே நீங்க. "இன்னும் கொஞ்சம்?"னாங்க. "தாராளமா ஊத்துங்க"ன்னேன். ரெண்டாவது சொம்பும் ஆச்சு. சாவி கைக்கு வந்துச்சு. தேறிட்டோம்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம்ங்கறீங்க, கல்யாணத்தன்னைக்குக் கூட அவ்வளவு இல்ல.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காலு கல்லா இருக்குன்னா. ஆறு மணிக்கு எழுந்திருக்க முடியல. ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டு சென்டருக்கு ஓடினேன். ஜெபமலர்தான் ட்யூட்டி. யாரு இளநீர் குடுத்ததுன்னு அது கத்தின கத்து, சாந்தமான பொண்ணுன்னு நினைச்சிருந்தேன். ஹவுஸ் ஓனரம்மா குடுத்தாங்கன்னேன். உண்மைதானே? அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, ஐசியூ. நெஞ்சு ஒரு தடவை நின்னே போயிடுச்சாம், குத்தி எழுப்பியிருக்காங்க. வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன் தம்பி. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நாலாம் நாள் அந்தம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. சாமான் எப்ப வருதுன்னு கேக்கப் பழைய வீட்டுக்குப் போயிருக்காங்க, அக்கம்பக்கத்துல விஷயம் தெரிஞ்சிருக்கு. வாசல்ல நின்னுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "எங்க அண்ணன் ஆறு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தவரு சார். சொல்லியிருந்தா கீழ் வீட்டையே உங்களுக்குக் குடுத்துட்டு நான் மாடிக்குப் போயிருப்பேன். என் கையாலயே அந்தம்மாவுக்கு விஷத்தைக் குடுக்க வச்சுட்டீங்களே"ன்னு அழறாங்க. சாவியைக் குடுங்கன்னாங்க. குடுத்தேன்.

இதெல்லாம் சும்மா பேச்சு தம்பி. சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களாம்! எவ குடுப்பா? நான் குடுப்பேனா? வாசல்லயே அனுப்பியிருப்பேன். காரியம் முடிஞ்சப்புறம் பெரிய மனசு காட்றது ரொம்ப சுலபம். ஆனாலும் அவங்க மேல எனக்குக் கோபமில்ல. சாவியை வாங்கினது சரிதான். நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

இப்ப கூடுவாஞ்சேரி. ஜெபமலர் பார்த்துக் குடுத்த வீடு. அது அந்தப் பக்கந்தான் இருக்கு, நாங்க இருக்கறதுக்கு நேர் எதிர் வீடு. மாம்பலத்துல அப்ப எங்கயும் கிடைக்கலையாம், இங்க வந்துடுச்சு, எட்டு வருஷமா இதே ரயில்ல போகுது வருது. எங்க ஓனர் ஒரு கேள்வி கேக்கல தம்பி. ஒண்ணே ஒண்ணு! பேரைக் கூட அட்வான்ஸ் ரசீது எழுதும்போதுதான் கேட்டான். என்ன ஓனர் இவன்? நாளைக்கு எவன் வேணா வந்து மேல் போர்ஷன்ல உட்காரலாம். மீன் வாசனை வருது, ராத்திரி பகல் தெரியாம ஆள் வருது போகுது. அந்தப் பொண்ணு வாரத்துல நாலு நாள் இவளுக்கு உப்பில்லாத குழம்பு கொண்டாந்து குடுக்குது, இவளும் வாங்கிச் சாப்பிடறா. என்ன குழம்புன்னு நான் கேக்கறதில்ல.

பல்லாவரம் போயாச்சா? நேரம் போனதே தெரியல. மூணு நாளும் இப்படித்தான். போகும்போது பரவாயில்ல, தூங்கிட்டே வந்துடுவா. திரும்பும்போதுதான் கஷ்டம். போன வாரம் நிக்க முடியாம இந்தத் தரையிலயே உட்கார்ந்துட்டா. ஒருத்தன் எழுந்து இடம் குடுக்கல. எல்லாம் காதுல அதை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கானுங்க. எல்லாம் மாம்பலத்துல வேலை பார்க்கறவனுங்க, மாம்பலத்துல இருக்க வக்கில்லாதவனுங்க. நானும் அந்தக் கூட்டந்தான்னு சொல்லுவீங்க. நான் வேற தம்பி. நான் அங்க இருந்தவன்.

என்ன கேட்டீங்க? இவளுக்குத் தெரியும்ல, இளநீர் கூடாதுன்னு, அப்புறம் ஏன் குடிச்சாங்கன்னா?

அதைத்தான் நானும் கேட்டேன். ஐசியூவுல மூணாம் நாள், வாயில இருந்த குழாயை எடுத்த உடனே. அறிவிருக்கா உனக்கு, நான் சொன்னா நீ குடிச்சிடறதா, ஒரு வாய் குடிச்சுட்டு வச்சிருக்கலாம்ல, ரெண்டு சொம்பு எதுக்குடின்னு கேட்டேன். இவ சொல்றா, "நீங்க போதும்னு சொல்லுவீங்கன்னு உங்க முகத்தையே பார்த்துக்கிட்டுக் குடிச்சேன்"னு.

எனக்கு எப்படித் தெரியும்? நான் இவளைப் பார்க்கவே இல்ல தம்பி. நான் அந்தம்மா முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.